ஆடு தொடாத கதவு

எங்கள் மாமா ஒரு காரை எடைபோட்டு வாங்கினார். பழைய பேப்பரைப் போல, வெங்காயத்தைப் போல, எடைமேடையில் ஏற்றி, இத்தனை கிலோ என்று சீட்டு எழுதி வாங்கினார். காரை அப்படியும் வாங்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. அந்த ஆலைக்கு லாரி லாரியாக உடைந்த கட்டில், பீரோ, சைக்கிள், பம்புசெட்டு என்று வந்து இறங்கும். எல்லாம் ஒரே உலைக்குத்தான் போகும். ஒருநாள் வந்த லாரியின் உச்சியில் முழுசாக ஒரு கார் உட்கார்ந்திருந்ததாம். ஹெரால்டு என்கிற பழைய மாடல். இரண்டே கதவு, வட்டமான கண்கள், மூக்கு கொஞ்சம் நசுங்கியிருந்தது. திருப்பாச்சூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கொல்லைப்பக்கம் பல வருசம் நின்ற வண்டி. டாக்டர் காலமான பிறகு பிள்ளைகள் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். டாஷ்போர்டைத் திறந்தால் ஆர்.சி. புத்தகமும், ஒரு கட்டு மருந்துச் சீட்டும், ஒரு அணில் கூடும் இருந்தன. மாமா அதைப் பார்த்ததும் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, உலைக்குப் போக இருந்ததை எடைபோட்டு வாங்கிவிட்டார். டாக்டரின் மகனைத் தேடிப்போய்க் கையெழுத்தும் வாங்கினார். அணில் கூட்டை மட்டும் ஆலை வாசலில் இருந்த வேப்பமரத்தில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

டிராக்டரில் வந்து இறங்கிய காரை அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அது பார்வை இல்லை, பரிசோதனை. அம்மாவுக்கு வேலையே அதுதான். வண்டிகளுக்கான பெட்ரோல் டேங்கும் பம்பரும் மட்கார்டும் பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தாள். நீள நீளமான டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, வெள்ளைக் கையுறை போட்ட விரலால் தடவி, தூசி விழுந்திருக்கிறதா, பெயிண்ட் வழிந்திருக்கிறதா, ஊசிமுனை அளவுக்குப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கி வைக்க வேண்டும். பதினொரு வருசமாக அதைச் செய்துகொண்டிருந்ததில் வீட்டிலும் அந்தக் கண் போகவில்லை. தோசை ஓரம் தீய்ந்தால் அவளே “ரிஜெக்ட்” என்று தன் தட்டில் போட்டுக்கொள்வாள். நான் பின்னிய சடை கோணலாக இருந்தால் “ரீவொர்க்” என்று அவிழ்த்துவிடுவாள். என் கணக்கு நோட்டில்கூட வாத்தியார் பார்ப்பதற்கு முன்பே பென்சில் வட்டங்கள் விழுந்துவிடும்.

காரைப் பார்த்து முடித்துவிட்டு, இது கார் இல்லை, கார் இருந்த இடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா சோர்ந்துபோகவில்லை. சென்னையில் வருசா வருசம் தை மாசத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்சி நடத்துவார்கள், பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வருவார்கள், இந்த வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தாமல் விடமாட்டேன் என்றார். வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி ஷெட் போட்டார். ஷிப்டு முடிந்து வந்தால் ஷெட், ஞாயிற்றுக்கிழமை என்றால் ஷெட். அந்த வண்டியின் பேனட் மற்ற கார்களைப் போலத் திறக்காது. இரண்டு பக்க மட்கார்டும் விளக்கும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, முதலை வாயைத் திறப்பது போல முன்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். மாமா அந்த வாய்க்குள் தலையை விட்டால் அம்மா சாப்பிடக் கூப்பிடுவது காதில் விழாது.

மெல்ல மெல்ல வீடே அதற்குள் விழுந்தது. அப்பா கல்கத்தா லைனில் லாரி ஓட்டினார். மாசத்தில் பாதி நாள் ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார். போனில் பேசும்போதெல்லாம் ரேஷன், கரண்ட் பில்லு, என் படிப்பு என்று விசாரிப்பவர், இப்போது முதலில் “வண்டி இன்னா ஆச்சு?” என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு நடைக்குக் கல்கத்தாவில் எங்கோ பழைய சாமான் கடையில் தேடி, பின்பக்க விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி இரண்டு வாங்கித் தன் சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். ஆறாவது மாசம் இன்ஜின் இருமியது. ஏழாவது மாசம் தெருமுனை வரைக்கும் போய்த் தானாகவே திரும்பி வந்தது.

அம்மா மட்டும் கிட்டே வரவில்லை. வண்டிக்கு என்ன கலர் என்ற பேச்சு வந்தபோதுதான் வந்தாள். மாமாவுக்குச் சிவப்பு வேண்டும். அம்மா ஒரு துண்டு தண்ணிப் பேப்பரைக் கேட்டு வாங்கினாள். பட்டி தேய்க்கிற உப்புத்தாள்தான் அது, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. கதவைத் திறந்து, கீலுக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் படாத ஓர் இடத்தில் தேய்த்தாள். மேலே கறுப்பு. அதற்குக் கீழே சிவப்பு. அதற்குக் கீழே ஏதோ ஒரு பழுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, மழை விட்ட மறுநாள் காலை வானம் மாதிரி ஒரு வெளிர் நீலம் வந்தது. அம்மா அதை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, காரைச் செய்த கம்பெனியில் இருந்து வரும்போது இதுதான் அதன் நிறம், காட்சியில் கேட்பவன் இதைத்தான் கேட்பான் என்றாள். மாமா சிவப்பை விட்டுவிட்டார். பெயிண்ட் கடையில் நான்கு தடவை கலந்து, நான்கு தடவையும் அம்மா வேண்டாம் என்று சொல்லி, ஐந்தாவதில்தான் அந்த நீலம் வந்தது.

அம்மாவுடைய கம்பெனியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே பெயிண்ட் அடிப்பவர்கள் எல்லாம் ஆண்கள், பார்ப்பவர்கள் எல்லாம் பெண்கள். கண்ணாடி போட்ட அறைக்குள் அவர்கள் அடிப்பார்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவர்கள் நிற்பார்கள். அம்மா ஒருமுறை தானும் அடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாளாம். ஸ்ப்ரே கன் கனம், வாடையும் பொம்பளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பதில் வந்ததாம். தினம் காலையில் அம்மா இடுப்பில் ஏறும் தண்ணீர்க் குடம் அந்தக் கன்னைவிடக் கனம் என்பது யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதனால் நானும் சிரித்தேன்.

காருக்கு அடிக்க ஒரு பெயிண்டரைப் பிடித்தார் மாமா. பொதட்டூர்பேட்டைக்காரர். எளாவூரில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நல்ல கை. ஆனால் எதையும் வெறுமனே விட அவருக்கு மனசு வராது. பேனட்டில் ஒரு தாமரை போடட்டுமா, பின்னால் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காட்சி ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் புதன்கிழமைதான் அவருக்கு நேரம் ஒழிந்தது. பொங்கல் லீவில் நான் வீட்டில் இருந்தேன். அம்மா முதல் ஷிப்டுக்குப் போகும்போது, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடி, இல்லாவிட்டால் புழுதி ஏறும் என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் தெளிக்கவில்லை, ஆனாலும் அழகாகவே அடித்தார். பதினொரு மணிக்கெல்லாம் கடைசிக் கோட்டிங்கும் அடித்து முடித்து, கம்ப்ரசரை மூலையில் தள்ளிவிட்டு, அண்ணன் கல்யாணம், இனித் திங்கட்கிழமைதான் வருவேன் என்று பையை மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

காயும் வரைக்கும் காவல் என் பொறுப்பு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நீளக் குச்சி, குடை. நாய், கோழி, பந்து விளையாடும் பையன்கள் எதுவும் கிட்டே வரக்கூடாது. நான் காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஈரமாகப் பளபளத்தது. கதவில் என் முகம் நீலமாகத் தெரிந்தது. இவ்வளவு அழகான ஒரு பொருள் எங்கள் தெருவில் அதுவரை இருந்ததில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்போது தெருப் பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு ஹைவே பக்கம் ஓடினார்கள். காற்றாலைக்கு மாட்டுகிற இறக்கை போகிறதாம். எங்கள் தெருவைவிட நீளமான இறக்கை. ஒரே ஒரு இறக்கையை அவ்வளவு நீள டிரெய்லரில் படுக்கவைத்து, சர்வீஸ் ரோட்டில் இருந்து ஹைவேக்குத் திருப்பும்போது முன்னும் பின்னும் ஆட்கள் கொடி பிடித்து நிற்பார்கள், மற்ற லாரிகள் எல்லாம் நின்று வழிவிடும். மூச்சை எண்ணி நூறு வருவதற்குள் திரும்பி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நானும் ஓடினேன். இறக்கை திரும்புவதற்கு நூறு மூச்சு போதவில்லை. அது ஒரு கம்பத்தில் இடிக்கப் பார்த்துப் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்... முழுசாகப் பார்க்காமல் வர என்னால் முடியவில்லை.

திரும்பி வந்தபோது பேனட்டின் மேல் ஆடு நின்றுகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவின் செவலை ஆடு அது. உயரமான இடம் எதைக் கண்டாலும் ஏறிவிடும். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியிருக்கிறது, நின்றிருந்த ஆட்டோ மேல் ஏறியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது உயரத்துக்காக ஏறவில்லை. கண்ணாடியில் பெயிண்ட் படாமல் இருக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். அதைத் தின்ன ஏறியிருக்கிறது. வாயில் ஒரு முழத் தாள் தொங்க, அது என்னை நிதானமாகப் பார்த்தது. நான் போட்ட கூச்சலில் மிரண்டு, அங்கேயே திரும்பி, சறுக்கி, குதித்து ஓடியது. நான் மெதுவாக இறக்கிவிட்டிருந்தால் குளம்புத் தடங்கள் மட்டும் இருந்திருக்கும். இப்போது அவற்றோடு இரண்டு நீளக் கோடுகளும் சேர்ந்துகொண்டன. அவை என்னால் வந்தவை.

பாவாடை நுனியால் ஒரு தடத்தைத் துடைத்துப் பார்த்தேன். தடம் பெரிதானது. பாவாடையில் நீலம் ஏறியது. மற்ற இடங்களை எல்லாம் சுற்றி வந்து பார்த்தேன். கூரையில் ஒன்றும் இல்லை. இரண்டு கதவுகளிலும் ஒரு கீறல்கூட இல்லை. அவற்றில் என் முகம் இப்போது அழுதுகொண்டிருந்தது.

கம்பெனி பஸ்ஸில் இறங்கி அம்மா மூன்று மணிக்கு வந்தாள். பையைக்கூட வைக்கவில்லை. நேராக ஷெட்டுக்கு வந்து பேனட் முன்னால் நின்றாள்.

“இன்னாது இது?”

காற்றில் வேப்பங்கிளை உடைந்து விழுந்துவிட்டது என்றேன். அம்மா குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து, ஒரு தடத்துக்கு நேராக விரலைக் கொண்டுபோனாள். தொடவில்லை.

“கெளைக்கு ரெட்டக் கொளம்பு கீதா?”

பிறகு என் பாவாடையைப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. இறக்கை, நூறு மூச்சு, தாள், ஆடு, என் கூச்சல், பாவாடை என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். பேனட்டு மட்டும்தான், வேறெங்கேயும் ஏறவில்லை, நான் சுத்திப் பார்த்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். என் குற்றத்தில் இருந்த ஒரே நல்ல சேதி அதுதான். அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூலையில் இருந்த கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, வண்டியை ஒருமுறை முழுசாகச் சுற்றிவந்தாள். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நெடுநேரம் நின்றாள். போய் முகம் கழுவிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னாள்.

மாமா ஆறு மணிக்கு வந்தார். பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை என்பதுதான் கொடுமை. பெயிண்டருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. திங்கட்கிழமைக்கு முன்னால் வர வழியே இல்லை என்று பெயிண்டர் சொல்லிவிட்டார். பொங்கல் வாரத்தில் வேறு ஆளும் கிடைக்கமாட்டான். மாமா போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சரி, அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம், வண்டி எங்கே ஓடிவிடப் போகிறது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆலையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார் அவர். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அம்மாவின் பின்னால் நின்றேன்.

“கம்ப்ரசரு இங்கதான கீது?” என்றாள் அம்மா.

“இருக்குதுக்கா. அத்த வச்சி இன்னா பண்றது?”

“நான் அடிக்கறேன்.”

மாமா நிமிர்ந்து பார்த்தார். “நீ கன்னு புடிச்சதே இல்லியேக்கா.”

“பதினோரு வருசமா எவன் எவன் எப்பிடி அடிக்கறான்னு பாத்துகினுதான கீறேன்.”

மாமா பேனட்டையும் கம்ப்ரசரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனட்டு ஒன்றுதானே, கெட்டுப்போனால் மறுபடி பெயிண்டர் வந்து சரி பண்ணிவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போதுதான் அம்மா அதைச் சொன்னாள்.

“பேனட்டு மட்டும் இல்லடா. ரெண்டு கதவுலயும் ஒராசிட்டுப் போயிருக்குது ஆடு. கதவையும் அடிச்சாதான் சரியா வரும்.”

இல்லம்மா, கதவுல படவே இல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா, பக்கத்து வீட்டில் போய் ஆட்டை நான்கு நாளைக்குக் கட்டிப்போடச் சொல்லிவிட்டு வா என்று என்னை விரட்டினாள். நான் திரும்பி வந்தபோது, இருட்டில் எதுவும் தெரியாவிட்டாலும் அம்மாவின் கண்ணை நம்பி, மாமா தலையை ஆட்டிக்கொண்டு, அந்த ஆட்டை வையாத வசை எல்லாம் வைதுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா கம்பெனிக்குப் போன் செய்து இரண்டு நாள் லீவு சொன்னாள். காய்ச்சலில்கூட லீவு போடாதவள். அந்தப் பக்கம் யாரோ பதறி, வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டிருக்க வேண்டும். அதெல்லாம் இல்லை சார், ஒரு விசேஷம் என்றாள் அம்மா. என்னால் அம்மாவுக்கு லீவும் போச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை முழுக்கத் தேய்ப்பு. நைட்டிக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு அம்மா பேனட்டைத் தேய்த்தாள். நீலத் தண்ணீர் ஓடி வாசல் வரைக்கும் வந்தது. மத்தியானத்துக்கு மேல் கதவுக்கு வந்தாள். முகம் தெரிகிற அந்தப் பளபளப்பின் மேல் அவள் உப்புத்தாளை வைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே ஒண்ணுமே இல்லம்மா என்றேன். உனக்குத் தெரியாது, நீ தள்ளிப் போ என்றாள். ஒருவேளை நான் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு இங்கேயும் உரசியிருக்குமோ, அது என் கண்ணுக்குத் தெரியாமல் அம்மாவின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறதோ என்று நினைத்துக்கொண்டேன். ஊசிமுனைப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறவள் ஆயிற்றே. என் குற்றம் நான் நினைத்ததைவிடப் பெரியது என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம், கை பழக வேண்டும் என்று எங்கள் குளியலறையின் தகரக் கதவை எடுத்து நிறுத்தி அடித்துப் பார்த்தாள். முதல் தடவை பெயிண்ட் கண்ணீர் மாதிரி வழிந்தது. “ரிஜெக்ட்” என்று தன் வேலையைத் தானே சொல்லிவிட்டுச் சிரித்தாள். துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவையில் எங்கள் தெருவிலேயே அழகான குளியலறைக் கதவு எங்களுடையது ஆனது.

வெள்ளிக்கிழமை காலையில் பனி விலகி வெயில் சுள்ளென்று விழும் வரைக்கும் காத்திருந்தாள். ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துப்போகுமாம். தரை முழுக்க என்னைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். பெயிண்டை இளக்கத் தின்னர் கலந்து, மூக்கையும் வாயையும் சுற்றி ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, கன்னைக் கையில் எடுத்தாள். கம்ப்ரசர் தடதடவென்று ஓட, உஸ்ஸென்று ஒரு சத்தம். அம்மாவின் கை ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குப் போய், முன்பு போன பாதையைப் பாதி தொட்டுக்கொண்டு திரும்பி வந்தது. கையோடு சேர்ந்து உடம்பும் பக்கவாட்டில் நடந்தது. அவள் யோசிப்பதாகவே தெரியவில்லை. பலமுறை போன வழியில் போகிறவள் மாதிரி இருந்தாள்.

இரண்டாவது கதவின் கடைசிக் கோட்டிங்கில் கரண்ட் போய்விட்டது. பாதிக் கதவு ஈரம், பாதி மங்கல். நான் அலறினேன். அம்மா அப்படியே நின்றாள். கன்னைக் கீழே வைத்துவிட்டு உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். அவள் வைக்கவில்லை. கால் மணி நேரம் அதைப் பிடித்தபடியே நின்றாள். கரண்ட் வந்ததும், அந்தக் கதவை முதலில் இருந்து ஆரம்பித்தாள். துண்டுக்கு மேலே தெரிந்த அவளுடைய கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன. புகை பட்டு அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன்.

அன்று காவலுக்கு அவளே உட்கார்ந்தாள். குச்சிகூட வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டில் கட்டிப்போட்ட ஆடு கத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அதற்கு ஒரு கட்டு கீரை வாங்கிக்கொண்டு போய் அம்மா கொடுத்துவிட்டு வந்தாள். மாமா வேலை முடிந்து வந்து காரைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. “அக்கா” என்றார்.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். அம்மா முதல்முறையாக சர்ச்சில் ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டாள். நல்ல புடவை கட்டிக்கொண்டாள். பின்சீட்டில் நானும் அவளும். காரனோடை பாலம் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டீக்கடைத் தண்ணீரை ஊற்றி ஆறவைத்துக் கிளம்பினோம். டோல்கேட்டில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மாமா மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மைதானத்தில் எண்பது தொண்ணூறு கார்கள் இருக்கும். ராஜாக்கள் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்டவை எல்லாம் இருந்தன. தொப்பி போட்ட மனிதர்கள் தங்கள் காரை மென்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா எங்கள் வண்டியை விட்டு நகரவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக எல்லாக் கார்களையும் பார்த்து வந்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் தலையைச் சாய்ப்பாள். ஒரு மஞ்சள் காரைப் பார்த்து, பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு இருக்குது பார் என்று என் காதில் சொன்னாள். ஒரு பெரிய கறுப்புக் காரின் மட்கார்டு அருகே குனிந்து, மெல்ல, “ரீவொர்க்” என்றாள். அதன் சொந்தக்காரர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்து, பிடித்திருக்கிறதா என்று கேட்டார். அம்மாவும் புன்னகைத்துத் தலையாட்டினாள்.

நாங்கள் திரும்பியபோது நடுவர் ஒருவர் எங்கள் வண்டியிடம் வந்திருந்தார். வயசானவர், கையில் அட்டையும் பென்சிலும். இன்ஜினைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மாமாவிடம் நிறையக் கேள்வி கேட்டார். பிறகு கதவின் பக்கம் வந்து, அம்மா செய்வது போலவே தலையைச் சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பெயிண்ட் யார் வேலை என்று கேட்டார். மாமா வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

“நான்தான் சார் அடிச்சேன்.”

எந்தக் கம்பெனியில் பெயிண்டராக இருக்கிறீர்கள் என்று அவர் மரியாதையாகக் கேட்டார்.

“கம்பெனில அடிக்கறது இல்ல சார். பாக்கறதுதான்.”

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு, அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அடுத்த காருக்குப் போனார். பெரிய கோப்பைகள் எல்லாம் ராஜாக்களின் கார்களுக்குப் போயின. எங்களுக்கு, வந்த எல்லாருக்கும் கொடுக்கும் ஒரு பதக்கம் கிடைத்தது. மாமா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார். போனில் அப்பாவிடம் ஏதோ உலகக் கோப்பையே வாங்கிவிட்டது போலச் சொன்னார்.

செங்குன்றம் தாண்டும்போது எனக்கு மனசு உறுத்தியது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இந்த ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. இன்ஜின் சத்தத்தில் மாமாவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அம்மாவின் பக்கம் நகர்ந்து, அந்த ஆடு நிஜமாகவே கதவைத் தொடவில்லைம்மா, நான் பார்த்தேன் என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும். சும்மா இரு” என்று என் வாயின் மேல் கையை வைத்தாள். கையில் தின்னர் வாடை அடித்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேனட்டில் விழுந்த அந்த இரண்டு நீளக் கோடுகள் என்னுடைய கூச்சலால் வந்தவை என்று மாமாவுக்குத் தெரிந்துவிடக்கூடாது. அதற்காகத்தான் பழி முழுவதையும் ஆட்டின் மேலேயே இருக்கட்டும் என்று, கதவு வரைக்கும் சேர்த்து அம்மா பொய் சொல்லியிருக்கிறாள். என்னைக் காப்பாற்றுவதற்காக இரண்டு நாள் லீவு போட்டு, ஒன்றுமே ஆகாத கதவுகளைத் தேய்த்து, தின்னர் வாடையில் நின்று கஷ்டப்பட்டிருக்கிறாள். அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன். அந்த நன்றியில், அடுத்த ஒரு வாரம் யாரும் சொல்லாமலேயே வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் நானே கழுவினேன். அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை.